பொம்மை கோணலாக வருகிறதா? கோளாறு கையிலா, பேட்டர்னிலா

யூடியூப் பார்த்து குரோஷே ஊசியில் பின்னும் பொம்மை சரியாக வரவில்லை என்றால் வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாம். நாமே பேட்டர்ன் (எந்தச் சுற்றில் எத்தனை ஸ்டிச் என்று எழுதி வைக்கும் கணக்கு) போட்டுப் பின்னும்போது அந்த வசதி கிடையாது. தலை சப்பையாக வந்தால், கை இறுக்கமா, எழுதி வைத்த கணக்கு தப்பா என்று சொல்ல ஆளில்லை. பாவாடை சட்டை போட்ட ஒரு பெண் பொம்மைக்கு நான் போட்டு, திருத்தி, திருத்தியதையும் திருத்திய பேட்டர்ன் ஒன்று இருக்கிறது. அதில் விடாமல் வந்த கோளாறுகளும், என்னிடம் பின்னக் கற்றுக்கொள்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பும் கோளாறுகளும்தான் கீழே இருப்பவை. முழுவதும் படிக்க வேண்டாம். உங்கள் பொம்மையில் எது சரியில்லையோ அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள். ஆனால் முதல் சோதனையை மட்டும் தாண்டாதீர்கள்.

கீழே வரும் எண்களெல்லாம் இந்த அளவுக்கு: 2.5 மி.மீ. ஊசி, மில்க் காட்டன் நூல், முழுக்க சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படை ஸ்டிச், கீழே வெறும் "சிங்கிள்"), ரவுண்டை மூடாமல் சுருளாகவே போவது, தலையின் அகலமான இடத்தில் 36 ஸ்டிச். நூல் தடிமனாக இருந்தால் பொம்மை பெரிதாகும், அவ்வளவுதான்.

## எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை

கோளாறு வந்த பாகத்தை மட்டும், அதே நூல், அதே ஊசியில் இன்னொரு முறை பின்னுங்கள். பழையதைப் பிரிக்க வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும். பாகம் முழுவதும் தேவையில்லை; தகராறு வரும் இடத்தைத் தாண்டி ஒரு ரவுண்டு போனால் போதும்.

அதே கோளாறு அதே இடத்தில் மறுபடி வந்தால் தப்பு பேட்டர்னில். நோட்டை எடுத்துத் திருத்துங்கள். வேறு இடத்தில் வந்தாலோ, வராமலே போனாலோ தப்பு கையில்: எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும், நூல் இழுப்பு மாறியிருக்கும், ரவுண்டின் தொடக்கத்தைக் காட்டக் குத்தும் மார்க்கர் நழுவியிருக்கும். அப்போது பேட்டர்னைத் தொடாதீர்கள். கையின் தப்புக்காகப் பேட்டர்னைத் திருத்தினால் அடுத்த பொம்மை இதைவிட மோசமாக வரும். சொந்தப் பேட்டர்ன்கள் பாதியில் கைவிடப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். ஊசியையும் மாற்றி, ரவுண்டையும் கூட்டிப் பின்னினால், சரியாக வந்தாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மாற்றியதை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். திரும்பி அதற்கே போக வேண்டி வரும்.

## தொடக்க வட்டம் சரியாக உட்காரவில்லை

ஓரம் அலை அலையாக வருகிறது. முதலில் எண்ணுங்கள். 6, 12, 18, 24, 30, 36 என்றுதான் போக வேண்டும். அதிகமாக இருந்தால் இன்க்ரீஸ் (ஒரே ஸ்டிச்சில் இரண்டு சிங்கிள் போடுவது) ஒன்று இரட்டித்திருக்கிறது, அல்லது மார்க்கரைத் தாண்டி ஒரு ஸ்டிச் கூடுதலாகப் போயிருக்கிறீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் அலை வந்தால் அந்த நூலுக்கு ஊசி பெரிது. 2.5க்குப் பதில் 2 மி.மீ. எடுத்துப் பாருங்கள். எண்ணிக்கை ஒவ்வொரு ரவுண்டிலும் அதிகமாகவே வந்தால் பேட்டர்னைப் பாருங்கள், ஒரு ரவுண்டுக்கு 6க்கு மேல் இன்க்ரீஸ் எழுதியிருப்பீர்கள். உயரமான ஸ்டிச்களான ஹாஃப் டபுளுக்கு 8, டபுளுக்கு 12 என்ற கணக்கு சிங்கிளில் கலந்துவிடுவது சகஜம்.

கிண்ணமாக மடங்குகிறது. தலைக்கு என்றால் லேசான குழி ஒரு கோளாறே இல்லை, விட்டுவிடுங்கள். உள்ளங்காலுக்குத் தட்டையாக வேண்டும் என்றால் எண்ணுங்கள், குறைவாக இருக்கும். எண்ணிக்கை சரி, ஆனாலும் மடங்குகிறது என்றால் கை இறுக்கம்.

ஆறு மூலை தெரிகிறது. இது கையின் தப்பே இல்லை. எல்லா ரவுண்டிலும் இன்க்ரீஸ் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகத்தான் வரும். ஒரு ரவுண்டு விட்டு ஒரு ரவுண்டு நகர்த்தி எழுதுங்கள். நான்காவது ரவுண்டு, "2 சிங்கிள், 1 இன்க்ரீஸ், 6 முறை" என்று இருந்தால் அதை இப்படி மாற்றலாம்: 1 சிங்கிள், 1 இன்க்ரீஸ், பிறகு "2 சிங்கிள், 1 இன்க்ரீஸ்" 5 முறை, கடைசியில் 1 சிங்கிள். மொத்தம் அதே 24. ஆறாவது ரவுண்டு: 2 சிங்கிள், 1 இன்க்ரீஸ், "4 சிங்கிள், 1 இன்க்ரீஸ்" 5 முறை, கடைசியில் 2 சிங்கிள். மொத்தம் 36. மூன்றும் ஐந்தும் பழையபடியே இருக்கலாம். டிக்ரீஸ் (இரண்டு ஸ்டிச்சை ஒன்றாக்கிக் குறைப்பது) ரவுண்டுகளுக்கும் இதே வேலையைச் செய்யுங்கள், தாடைப் பக்கம் மூலை தெரியாது.

நடுவில் ஓட்டை. மேஜிக் ரிங்கின் (தொடக்கத்தில் போடும், இழுத்தால் இறுகும் நூல் வளையம்) வால் நூலை இழுத்துப் பாருங்கள். இறுகினால், வாலை ஊசியில் கோத்து ரிங்கைச் சுற்றி இரண்டு தரம் ஓட்டி, ஒரு தரம் எதிர்த் திசையில் ஓட்டி வெட்டுங்கள். காட்டன் வழுக்கும், ஒரே திசையில் ஓட்டினால் துவைத்ததும் திறந்துகொள்ளும். வெல்வெட் நூலில் மேஜிக் ரிங்கே வேண்டாம், இழுக்கும்போது பட்டென்று அறும். 2 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் 6 சிங்கிள் போட்டுத் தொடங்குங்கள்.

## பஞ்சு எட்டிப் பார்க்கிறது

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கலாம். பொம்மை உள்பக்கம் வெளியே இருக்கிறதா பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு ஸ்டிச்சும் தனித்தனியாகத் தெரியும். உள்பக்கத்தில் குறுக்குவாட்டில் சின்னச் சின்னக் கம்பி ஓடும். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு வேலை தானாகவே உள்பக்கம் வெளியே இருப்பதுபோல் சுருண்டுகொள்ளும். பாதியில் கவனித்தால் புரட்டிவிட்டால் போதும்.

அது சரி என்றால், ஓட்டை டிக்ரீஸ் விழுந்த இடங்களில் மட்டுமா, எல்லா இடத்திலுமா?

டிக்ரீஸில் மட்டும் என்றால் டிக்ரீஸ் போடும் முறையை மாற்றுங்கள். இரண்டு ஸ்டிச்சின் முன்பக்க லூப்பில் (ஸ்டிச்சின் தலையில் தெரியும் இரண்டு நூலில் உங்கள் பக்கம் இருப்பது) மட்டும் ஊசியை வரிசையாக நுழைத்து, நூலைச் சுற்றி இரண்டு லூப்பிலிருந்தும் இழுத்து, பிறகு சாதாரண சிங்கிளாக முடியுங்கள். கண்ணுக்கே தெரியாது. பேட்டர்னில் "டிக்ரீஸ்" என்று மொட்டையாக எழுதாமல் இந்த முறையைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

எல்லா இடத்திலும் என்றால் ஊசியைக் குறையுங்கள். நூல் லேபிளில் போட்டிருக்கும் ஊசி அளவு சால்வைக்கும் ஸ்வெட்டருக்கும் சொன்னது. பொம்மைக்கு அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ. வரை குறைத்துத்தான் எடுக்க வேண்டும். ஊசி சரியாக இருந்தும் தெரிந்தால் பஞ்சை அதிகமாகத் திணித்திருக்கிறீர்கள்.

கறுப்பு, மெரூன் நூலில் வெள்ளைப் பஞ்சு எப்படியும் கொஞ்சம் தெரியும். பழைய கறுப்பு நைலான் சாக்ஸை வெட்டி உள்ளே உறையாகப் போட்டு அதற்குள் பஞ்சு வையுங்கள். இலவம் பஞ்சு வேண்டாம். தலையணைக்கு அதுபோல வராது, ஆனால் பொம்மையில் இழை இழையாக வெளியே வரும், நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும். ஃபைபர் பஞ்சுதான் சரி. அதையும் அப்படியே உருட்டி வைக்காமல் விரலால் பிய்த்துப் பிய்த்துப் போடுங்கள்.

## தலை உருண்டையாக வரவில்லை

எல்லோரும் முதலில் பஞ்சைத்தான் குறை சொல்வார்கள். அதையே முதலில் பார்த்துவிடலாம்: ஒரு கைப்பிடி கூடுதலாக வைத்து, உள்ளங்கையில் உருட்டி அமுக்குங்கள். வடிவம் வந்துவிட்டால் பஞ்சு குறைவு, விஷயம் முடிந்தது. வரவில்லை என்றால் பஞ்சைத் திணித்துப் பயனில்லை. நேர் ரவுண்டுகளை எண்ணுங்கள், அதாவது இன்க்ரீஸும் டிக்ரீஸும் இல்லாமல் நடுவில் போகும் ரவுண்டுகளை.

பொதுவான கணக்கு, எத்தனை ரவுண்டு இன்க்ரீஸோ அத்தனை நேர் ரவுண்டு. 36 வரை போக 6 ரவுண்டு, நேராக 6 ரவுண்டு, குறைத்து மூட 5 ரவுண்டு, மொத்தம் 17. உருண்டைக்கு உச்சியிலிருந்து அடிவரை உள்ள நீளம் சுற்றளவில் பாதி இருக்க வேண்டும். 36இல் பாதி 18. 17 அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் இது ஸ்டிச்சின் அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கும் கைக்கு மட்டும்தான் பொருந்தும். எல்லாக் கையும் அப்படி இல்லை.

உங்கள் கையை அளந்து பாருங்கள். பின்னிய தலையிலேயே நேர் ரவுண்டுப் பகுதியில் ஸ்கேலை வைத்து, 5 செ.மீ. அகலத்தில் எத்தனை ஸ்டிச், 5 செ.மீ. உயரத்தில் எத்தனை ரவுண்டு என்று எண்ணுங்கள். அவ்வளவு உயரம் இல்லையென்றால் கையில் எண்ணெய், தண்ணீர் பாட்டில் எது கிடைக்கிறதோ அதைச் சுற்றி ஒரு குழாய் பின்னி அளந்துகொள்ளலாம்.

10 ஸ்டிச், 10 ரவுண்டு என்றால் மேலே சொன்ன கணக்கே போதும்.

10 ஸ்டிச், 12 ரவுண்டு என்றால் உங்கள் ஸ்டிச் குட்டை. உங்களுக்கு 18 அல்ல, 18ஐ 12ஆல் பெருக்கி 10ஆல் வகுத்தால் வரும் 21 அல்லது 22 ரவுண்டு வேண்டும். இன்க்ரீஸ், டிக்ரீஸுக்கு 11 போக, நேர் ரவுண்டு 10 அல்லது 11. அதைப் போடாததால்தான் தலை சப்பை.

10 ஸ்டிச், 9 ரவுண்டு என்றால் ஸ்டிச் உயரம். மொத்தம் 16 போதும், நேர் ரவுண்டு 5. அதற்கு மேல் போட்டதால்தான் முட்டை.

கணக்கு கொடுப்பது தொடக்கம் மட்டும். அதில் பின்னி, பஞ்சு வைத்துப் பார்த்து, ஒரு ரவுண்டு கூட்டியோ குறைத்தோ முடிவு செய்யுங்கள். கழுத்துக்காக 18 ஸ்டிச்சில் நிறுத்துகிறீர்கள் என்றால் கடைசி இரண்டு டிக்ரீஸ் ரவுண்டு இருக்காது. நேர் ரவுண்டுக் கணக்கு மாறாது.

நேற்றுவரை உருண்டையாக வந்த அதே பேட்டர்ன் இன்று சப்பையாக வந்தால், நூலைப் பிடிக்கும் விதம் மாறியிருக்கிறதா பாருங்கள். நூலை ஊசிமேல் சுற்றி இழுத்தால் ஸ்டிச் "வி" வடிவில் வரும். ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டி இழுத்தால் பெருக்கல் குறி வடிவில் வரும். இது குட்டையாக, இறுக்கமாக இருக்கும். இரண்டும் அழகுதான். எனக்குப் பெருக்கல் குறிதான் பிடிக்கும். ஆனால் ஒரே பொம்மையில் இரண்டும் கலந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. எதில் பின்ன வேண்டும் என்று பேட்டர்னின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

முற்றிலும் உருண்டைத் தலை பொம்மைக்கு அழகில்லை என்பது என் கட்சி. நேர் ரவுண்டில் கடைசிக்கு முந்தியதில் கன்னம் வரும் இரண்டு பக்கமும் மூன்று மூன்று இன்க்ரீஸ் போட்டு, அடுத்ததற்கு அடுத்த ரவுண்டில் அதே இடங்களில் குறைத்தால் முகத்துக்கு உயிர் வரும். உருண்டை சரியாக வந்த பிறகு இதைச் செய்யுங்கள்.

## தலை ஆடுகிறது, சாய்கிறது

"அக்கா, தலை நிக்கவே மாட்டேங்குது. பஞ்சைக் கல்லு மாதிரி அடைச்சுட்டேன்."

"எங்க அடைச்ச? தலையிலயா, கழுத்துலயா?"

பெரும்பாலும் தலையில் அடைத்திருப்பார்கள். கழுத்து காலியாக இருக்கும். குண்டூசியைக் கழுத்தில் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் மறுபக்கம் வந்தால் அங்கே பஞ்சில்லை. தையலைக் கொஞ்சம் பிரித்து, பென்சிலின் பின்பக்கத்தால் பஞ்சைக் கழுத்துக்குள் தள்ளுங்கள். பாதிப் பஞ்சு உடம்பிலும் பாதி தலையிலும் இருக்கும்படி, இரண்டையும் இணைக்கும் ஒரே உருளையாக வைக்க வேண்டும்.

கழுத்து நிறைந்திருந்தும் ஆடினால் தையலைப் பாருங்கள். ஒரு சுற்று தைத்தது போதாது. தலையின் 18 ஸ்டிச், உடம்பின் 18 ஸ்டிச், ஒன்றுக்கு ஒன்றாகப் பிடித்து ஒரு சுற்று. அதற்கு ஒரு ரவுண்டு வெளியே தள்ளி இரண்டாவது சுற்று. பின்னோக்கிச் சாய்கிறது என்றால் தொண்டைப் பக்கம் மட்டும் இழுத்துத் தைக்காமல் விட்டிருப்பீர்கள்.

தையலும் உறுதி, ஆனாலும் பின்பக்கமே சாய்கிறது என்றால் தலைமுடியைத் தூக்கிப் பாருங்கள். கனம் அங்கேதான். மண்டை முழுவதும் ஒவ்வொரு ஸ்டிச்சிலும் நூல் கட்டி இரட்டைச் சடை போட்டால் அந்த முடியே தலையளவு கனக்கும். முடி நிறத்தில் மெல்லிய குல்லாய் ஒன்றைப் பின்னித் தலையில் தைத்துவிட்டு, வகிடு எடுக்கும் கோட்டிலும் நெற்றியோரத்திலும் மட்டும் நூல் கட்டுங்கள். சடைக்கு வேண்டிய நூல் வகிட்டிலிருந்தே கிடைத்துவிடும். நூலும் மிச்சம்.

அதற்கும் அடங்காவிட்டால் கழுத்து ஒல்லி. இது பேட்டர்ன் தப்பு, முதல் சோதனையில் மறுபடி வந்திருக்கும். தலையின் அகலமான எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே கழுத்தைக் குறைக்க வேண்டாம்: 36க்கு 18. 12 வரை குறைத்தால் படத்தில் நளினமாக இருக்கும், குழந்தை கையில் ஒரு வாரம் தாங்காது. நேர் ரவுண்டும் கழுத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

அலமாரியிலோ கொலுப்படியிலோ நிற்கப்போகும் பொம்மை என்றால் கழுத்துக்குள் ஐஸ் குச்சி வைக்கலாம். குழந்தை விளையாடும் பொம்மையில் குச்சியும் கம்பியும் கூடாது. ஃபெல்ட் துணியை இறுக்கமாகச் சுருட்டித் தைத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலான தீர்வு, உடம்பையும் தலையையும் ஒரே துண்டாகப் பின்னும்படி பேட்டர்னை மாற்றி எழுதுவது. தையலே கிடையாது என்பதால் ஆட்டமும் இல்லை. ஆனால் தலை அப்போது கீழிருந்து மேலே போகும், எல்லா எண்ணும் தலைகீழாகும். மற்றவற்றைப் பார்த்துவிட்டு அதற்கு வாருங்கள்.

## கையும் காலும் ஒத்துப்போகவில்லை

ஒரு கால் நீளம். ரவுண்டுகளை எண்ணுங்கள். எண்ணிக்கை வேறு என்றால் தப்பு அங்கேயே. எண்ணிக்கை ஒன்று, நீளம் வேறு என்றால் ஒரு காலை நேற்றும் இன்னொன்றை இன்றும் பின்னியிருப்பீர்கள். கைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு இழுப்பு. இரண்டு பந்து நூல் வைத்துக்கொண்டு, இந்தக் காலில் ஐந்து ரவுண்டு, அந்தக் காலில் ஐந்து ரவுண்டு என்று மாறி மாறிப் பின்னினால் இது வரவே வராது. கைகளுக்கும் அப்படியே.

ஒரு பாதம் முன்னே, ஒரு பாதம் பக்கவாட்டில் பார்க்கிறது. சொந்தப் பேட்டர்னில் ஆட்களைக் கிறுக்குப் பிடிக்க வைக்கும் கோளாறு இதுதான். ரவுண்டு தொடங்கும் இடம் நேராக மேலே ஏறாது. வலக்கைக்காரர்களுக்கு மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். எவ்வளவு நகரும் என்பது கைக்குக் கை வேறு. அதனால் "15ஆவது ரவுண்டின் 4ஆவது ஸ்டிச்சில் காலை இணைக்கவும்" என்று எழுதினால், எழுதியவருக்குச் சரியாக வரும், மற்றவருக்குப் பாதம் திரும்பிக்கொள்ளும். எழுதியவருக்கே நூல் மாறினால் வராது.

சரிபார்க்க, பாதம் உங்களைப் பார்க்கும்படி காலை மேசைமேல் தட்டையாக வையுங்கள். மார்க்கர் எங்கே நிற்கிறது? உள்தொடையின் நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த இடம் வரும்வரை இரண்டோ மூன்றோ சிங்கிள் கூடுதலாகப் போடுங்கள், அல்லது அத்தனை ஸ்டிச்சைப் பிரியுங்கள். அங்கே மார்க்கரைக் குத்தி அதையே புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கர் இல்லாவிட்டால் ஊக்கு போதும். ரவுண்டு எண்ணிக்கை கெடாது. பேட்டர்னில் எண்ணை அடித்துவிட்டு "உள்தொடை நடுவரை கூடுதல் சிங்கிள்" என்று எழுதுங்கள். கையை உடம்பில் வைக்கும் இடம், கண் வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் இதே விதி. எண்ணைச் சொல்லாதீர்கள், இடத்தைச் சொல்லுங்கள். பெருக்கல் குறி ஸ்டிச்சில் நகர்வு குறைவு, எனக்கு அது பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு காலையும் இணைத்ததும் உடம்பில் எண்ணிக்கை இடிக்கிறது. ஒவ்வொரு காலும் 15, நடுவில் 3 செயின் என்றால் உடம்பு 36 வர வேண்டும், ஏனென்றால் செயினின் முன்பக்கம் 3, பின்பக்கம் 3. உங்களுக்கு 33 வந்தால் செயினின் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். 35 அல்லது 34 வந்தால் காலும் செயினும் சேரும் மூலையில் ஸ்டிச் விட்டுப்போயிருக்கிறது. ஊசியால் விரித்துப் பாருங்கள், அங்கே சின்ன ஓட்டையும் இருக்கும். அந்த ஓட்டையை முதல் காலின் வால் நூலாலேயே அடைத்துவிடலாம், அதனால் அதைக் குட்டையாக வெட்டாதீர்கள்.

ஒரு கை மேலே, ஒரு கை கீழே இருக்கிறது. குண்டூசி குத்தி, பொம்மையை நிமிர்த்தி, போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோணல் படத்தில் தெரியும். தைத்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணி எடுங்கள். குத்தியது எத்தனையோ அத்தனையும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும்.

## உட்காரவில்லை, நிற்கவில்லை

உட்கார வைக்க, இடுப்புக்குக் கீழே தொடையின் கடைசி மூன்று ரவுண்டில் பஞ்சே வைக்காதீர்கள். அந்த இடம் மடங்கும். அப்படியும் பின்னால் விழுந்தால் அடியில் கனம் வேண்டும். அரிசியும் பருப்பும் வேண்டாம், வண்டு வரும், துவைக்கவும் முடியாது. பிளாஸ்டிக் மணியைத் துணிப்பையில் போட்டு, பையை இரண்டு தையல் தைத்து மூடி உள்ளே வையுங்கள்.

நிற்க வைக்க, உள்ளங்கால் வட்டம் முடிந்ததும் அடுத்த ரவுண்டைப் பின்பக்க லூப்பில் மட்டும் பின்னினால் ஓரம் மடிந்து தட்டையாக நிற்கும். அதற்குள் பிளாஸ்டிக் டப்பா மூடியை வட்டமாக வெட்டி வையுங்கள். சொல்லப்போனால், பாவாடை தரையைத் தொடும் நீளத்தில் விறைப்பாக இருந்தால் பாவாடையே பொம்மையைத் தாங்கிவிடும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

## முகம் விளங்கவில்லை

கண் மேலே ஏறி இருந்தால் பொம்மை முறைக்கும், தாழ்ந்தால் குழந்தையாகத் தெரியும். 17 ரவுண்டுத் தலையில் உச்சியிலிருந்து எண்ணி 10க்கும் 11க்கும் இடையில், கண்ணுக்குக் கண் 7 ஸ்டிச் இடைவெளி என்று தொடங்குங்கள். சேஃப்டி கண்ணின் (பின்னால் வாஷர் மாட்டிப் பூட்டும் பிளாஸ்டிக் கண்) வாஷரைப் போடாமல் செருகி மட்டும் வைத்து, தலைக்குப் பஞ்சு வைத்துப் பாருங்கள். காலித் தலையில் சரியாகத் தெரியும் இடம் பஞ்சு வைத்ததும் விலகும். திருப்தியானால் பஞ்சை எடுத்துவிட்டு வாஷரை "டக்" என்று கேட்கும்வரை அழுத்துங்கள்.

டக் என்ற பிறகு திரும்ப எடுக்க முடியாது. தலை இன்னும் திறந்திருந்தால் உள்ளிருந்து கட்டிங் பிளேயரால் தண்டை வெட்டி வேறு கண் போடலாம். தலை மூடிவிட்டால் விட்டுவிடுங்கள்; கண்ணுக்கு மேலே கறுப்பு நூலில் இமை தைத்தால் பார்வையை ஓரளவு திருப்பலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு என்றால் சேஃப்டி கண்ணும் வேண்டாம், மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். நூலால் எம்ப்ராய்டரி போட்டுவிடுங்கள்.

## சாயம் இறங்கிவிட்டது

மூடிய பொம்மையில் இறங்கிய சாயத்துக்கு நல்ல தீர்வு இல்லை. பின்னுவதற்கு முன்னால் மெரூன், கரும்பச்சை நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் பட்டால் அந்த நூலைத் தனியாகக் கழற்றும் பாவாடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உடம்பில் சேர்க்காதீர்கள்.

## எனக்கு வருகிறது, மற்றவருக்கு வரவில்லை

ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பாருங்கள். ஒரு வரி விழுங்கும் ஸ்டிச், முந்தைய வரியின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். "4 சிங்கிள், 1 இன்க்ரீஸ், 6 முறை" என்பது 30ஐ விழுங்கி 36ஐத் தரும். அங்கே கை தவறி 5 சிங்கிள் என்று எழுதியிருந்தால் அது 36ஐ விழுங்கும். முந்தைய வரியில் 30தான் இருக்கிறது. பின்னிப் பார்க்காமலே பிடிபடும் பிழை இது. வரி முடிவில் மொத்தம் எழுதாத பேட்டர்னை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பின்னுகிறவருக்கு ஸ்டிச் பெயரே குழப்பமாக இருந்தால், அவர் பிரிட்டிஷ் முறையில் கற்றவரா என்று கேளுங்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் என்பது அங்கே டபுள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். உங்கள் பேட்டர்னில் டபுள் என்று ஒரு இடத்தில் இருந்தாலும் குழப்பம்தான். எந்த முறை என்று மேலே ஒரு வரி போதும்.

அளவு மட்டும் வேறு என்றால் நூல் கம்பெனிப் பெயரை எழுதிவிட்டுத் தடிமனை எழுதாமல் விட்டிருப்பீர்கள். 36 ஸ்டிச் வட்டம் உங்கள் கையில் எத்தனை செ.மீ. என்று சேர்த்து எழுதுங்கள். ஒரு ஸ்டிச் 5 மி.மீ. என்றால் குறுக்களவு கிட்டத்தட்ட 5.7 செ.மீ. வரும்.

## எப்போது வேறு ஆளிடம் போக வேண்டும்

முதல் சோதனையில் கோளாறு மறுபடி வந்து, மேலே சொன்னதையெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் நீங்களே இன்னொரு முறை பின்னாதீர்கள். பேட்டர்னை டெஸ்டரிடம், அதாவது எழுதியபடி பின்னிப் பார்த்துத் தப்பைச் சொல்கிறவரிடம் கொடுங்கள். ஒருவர் அனுபவசாலி, ஒருவர் புதியவர் என்று இரண்டு பேர் இருந்தால் நல்லது. அனுபவசாலி தப்பைத் தானே சரிசெய்துகொண்டு போய்விடுவார், புதியவர்தான் எழுதியபடியே பின்னுவார். நூல் செலவையாவது கொடுத்துவிடுங்கள்.

கை வலி பல நேரம் இறுக்கத்தின் கோளாறு. கைப்பிடி தடிமனான ஊசியும், இடைவெளி விட்டுப் பின்னுவதும் பெரும்பாலும் போதும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் இரவில் தூக்கம் கலைந்தால் ஊசியை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விற்கப் போகிறீர்கள் என்றால் அது தனி விஷயம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்; பாதுகாப்புத் தரம் ஐஎஸ் 9873 வரிசையில் இருக்கிறது. கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அந்த அலுவலகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டைக்குப் பெஹ்சான் அட்டை என்று பெயர். உங்களுக்கு எது பொருந்தும் என்று அந்த அலுவலகத்திலோ இந்தியத் தர நிர்ணய அமைவனத்திலோ கேட்டுவிட்டு ஆர்டர் எடுங்கள். கண் பிய்ந்து வருமா என்ற சோதனையை மட்டும் அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்துவிடலாம்: இரண்டு விரலால் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள், வந்தால் அந்தப் பொம்மை விற்பனைக்கு இல்லை.